நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு?

கேள்வி: கார் சூடாகிறது என்று கொண்டுபோனால், “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். சரிதானா?

பதில்: சரியே இல்லை. வெயில் 40 டிகிரி கொளுத்தினாலும் எஞ்சினுக்கு அது குளிர்காலம்தான். 90 டிகிரியை ஒட்டி ஓடினால்தான் அதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் நடுவே உள்ள சிறு உலோகக் குப்பியில் மெழுகு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் அது உருகி விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். எஞ்சின் ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்துவிடாமல் பார்ப்பது மட்டுமே இதன் பொறுப்பு. முழுதாகத் திறந்த பிறகு சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றின் பாடு. அங்கே இருக்கும் குறைக்கு இங்கே வைத்தியம் பார்த்துப் பலனில்லை. 88 டிகிரிக்குப் பதில் 76 டிகிரியில் திறப்பதை வாங்கி மாட்டுவதும் அப்படித்தான்: கதவு சீக்கிரம் திறக்குமே தவிர, ரேடியேட்டரின் திறன் கூடாது.

கேள்வி: ஆனால் கழற்றிய நாளிலிருந்து முள் மேலே ஏறவே இல்லையே?

பதில்: பழைய தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்திருக்கலாம். அப்படியானால் புதிது மாட்டினாலும் இதே பலன் கிடைத்திருக்கும். சந்தேகமிருந்தால் கழற்றிய பழையதை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். திறக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அது சரியாகத் திறந்தால் குறை ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் போன்ற வேறோர் இடத்தில் இருக்கலாம், ஏ.சி.யோடு மலையேறும் அன்று அது வெளியே வரும். அதற்குள் நஷ்டம் வேறு வழியில் தொடங்கிவிடும். எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று சென்சார் சொல்வதை நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தால் மோர் நிறத்தில் பிசுக்கு படிந்திருக்கும்.

தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்று தெர்மோஸ்டாட்டுக்கு ஆதரவாகச் சிலர் வாதாடுவார்கள். அது தவறு, ஓட்டம் கூடினால் வெப்பம் கூடுதலாகத்தான் வெளியேறும். வலுவான காரணம் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அது இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும். குளிர்ச்சிக்காகக் கழற்றியதே சூட்டைக் கூட்டிவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங் கசிகிறது. பசை வைத்து அடைக்கலாமா? பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அலுமினியம் போடலாமா?

பதில்: விரிசல் விட்ட பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருக்கிறது. தினமும் சூடாகி ஆறுகிறது. அலுமினியத்துக்கு மாறுவதை நான் ஆதரிக்கிறேன், சென்சார் மரையும் ஓ-ரிங் உட்காரும் பள்ளமும் பழையதோடு அச்சாகப் பொருந்தினால். ஆனால் போர் தண்ணீர் ஊற்றினால் அலுமினியமும் அரித்து, ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அரிப்பு லேசாக இருந்தால், தட்டையான கண்ணாடிமேல் எமரி ஷீட்டை விரித்து, ஹவுசிங்கின் முகத்தைச் சமமாகத் தேயுங்கள். பள்ளம் ஆழமென்றால் ஆர்கான் வெல்டிங் வைத்து மீண்டும் முகம் பிடிக்க வேண்டும், அல்லது புதிது வாங்க வேண்டும். கசிவை நிறுத்துவதாக நினைத்து போல்ட்டை மூச்சுப்பிடித்து இறுக்காதீர்கள். ஹெட்டில் உள்ள மரை போய்விடும். மாட்டும்போது, தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். கீழே திரும்பிவிட்டால் காற்று அடைபட்டு, புதிய தெர்மோஸ்டாட்டும் தாமதமாகவே திறக்கும்.