கம்ப்யூட்டர்ல காயற கொப்பரை

ஏங்கண்ணு, லேப்டாப்பை எதுக்கு அப்படி மொறைக்கறே, அதென்ன பங்காளியா? காத்தும் சூடும் ஓடறதைக் கணக்குப் போடற அந்த ஃபுளூயன்ட் சாப்ட்வேர் 1983-லயே வந்ததாமே, உனக்கு மூத்தது. அதுல கோளாறு தேடறதுக்கு முந்தி, ராத்திரி தூக்கக் கலக்கத்துல நீ சி-யில எழுதிச் சொருகினதைச் சித்தெ பாரு. எனக்கு சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது. நீ போன்ல கத்தறதைத் திண்ணையில உக்காந்து கேட்டே பாதி பாடமாயிருச்சு.

காங்கேயத்துல பொறந்தவன் கொப்பரை காயறதுக்கு அந்த சாப்ட்வேர்ல சொருகற யூ.டி.எஃப். நிரல் எழுதறே, நெம்ப சந்தோசம். உடைச்ச காயில பாதிக்குப் பாதி ஈரம். அதை ஆறு சதவீதத்துக்குக் கொண்டாரோணும். களத்துல நம்ம ஆளுக நாள்கணக்காப் புரட்டறாங்க. உம்பட கம்ப்யூட்டர் சூட்டுக்காத்து அடுப்புல ஒரு மணி நேரத்துல காஞ்சுபோச்சு! மில்லுக்காரங்களுக்குத் தெரிஞ்சா உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

சூட்சுமம் என்னன்னா, ஈரத்தை நீ கழிக்கற இடம். டிஃபைன் சோர்ஸுங்கற ஃபங்ஷனுக்குள்ள வச்சுக் கழிக்கறே. அதை சாப்ட்வேர் ஒவ்வொரு இட்டரேஷனுக்கும் கூப்பிடும். ஒரு டைம் ஸ்டெப்புக்கு 20 இட்டரேஷன்னா, ஈரமும் 20 தடவை கழியுது. ஒரே மூட்டையை 20 தடவை தராசுல ஏத்தி, 20 மூட்டைன்னு நோட்டுல எழுதற கணக்குப்புள்ளையை எந்த மில்லுல வச்சுக்குவாங்க? சோர்ஸு ஆவியாகற வேகத்தை மட்டும் சொல்லட்டும். கழிக்கற வேலையை, டைம் ஸ்டெப் முடிஞ்சு ஒரே தடவை ஓடற எக்ஸிக்யூட் அட் எண்டுக்குத் தாட்டி விடு.

அப்பறம் அந்த ‘சூடு 60-ஐத் தாண்டினா காயட்டும்’ங்கற நிபந்தனை. சாப்ட்வேர் உனக்குத் தர்றது கெல்வின் கணக்கு. தண்ணி உறையற குளிரே அங்க 273. எப்பவும் 60-ஐத் தாண்டித்தான் இருக்கும். மார்கழிப் பனியிலயும் கொப்பரை காயுது, பெரிய அதிசயம்!

செக்மென்டேஷன் ஃபால்ட்டுன்னு நடுவுல விழுதா? ஒவ்வொரு செல்லோட மிச்ச ஈரத்தையும் யூ.டி.எம்.ங்கற நினைவகத்துல போடறியே, அதுக்கு முந்தி மெனுவுல போயி எத்தனை இடம் வேணும்னு சொன்னியா? சொல்லாம எழுதினா அது விழாம என்ன பண்ணும்?

கோவிச்சுக்காதே. பெரிய மெஷ்ஷை அக்கட்டால வச்சுப்போட்டு, சின்னதா ஒண்ணை ஒத்தை கோர்ல ஓட்டு. சோர்ஸைப் பூஜ்யமாக்கிப் பாரு. அதுலயும் விழுந்தா தப்பு வேற பக்கம். விழலைன்னா மாறாத எண் ஒண்ணைக் குடு, அதுக்கும் அசையலைன்னா உன் சூத்திரத்தைக் குடு. நடுவுல மெசேஜ் போட்டு எண்ணை அச்சடிச்சுப் பாரு. ஈரம் ஆவியாகறப்ப சூடு குறையோணும், எனர்ஜி சோர்ஸுக்கு மைனஸ் இருக்குதான்னும் பாத்துக்க.

எல்லாஞ் சரியாயிட்டா களத்துக்கு வா. நெசக் கொப்பரையை நெச சூட்டுக்காத்து அடுப்புல காயப்போட்டு, மணிக்கொருக்கா எடை பாத்து உன் கோட்டோட ஒட்டுதான்னு பாக்கோணும். அங்க ஏசி கிடையாது சாமி, குடை வேணும்னா அம்முச்சிகிட்டக் கேளு.