லோடு எடுக்காது சார்

கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கோளாறு என்றால் போன் போட்டுத் திட்டுவதற்கு ஒரே ஒரு நம்பர். அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர் கூட்டுக்குடும்பம் மாதிரி. மதர்போர்டு ஒரு கடை, ரேம் இன்னொரு கடை, புராசசருக்கு மூன்று வருஷ வாரண்டி, கேபினட்டுக்கு வாரண்டியே கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் "நம்ம ஐட்டம் பக்காவா இருக்கு சார், அவங்ககிட்ட கேளுங்க" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, மச்சானும் நானும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து மாட்டிய கம்ப்யூட்டர் அது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மிக்ஸி, கிரைண்டர், மச்சானின் பைக், தையல் மெஷின் ஆகியோருடன் சேர்ந்து சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, சுண்டல் மணக்க கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் அணைய ஆரம்பித்தது.

அணைவதிலும் தினுசு உண்டு. சிலது அப்படியே ஹேங் ஆகி நிற்கும். சிலது நீலத் திரையில் சோக முகம் காட்டி, வருத்தம் தெரிவித்துவிட்டுப் போகும். நம்முடையது அந்த மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருப்பேன், பட். திரை கறுத்துவிடும், ஃபேன் நின்றுவிடும். மறுபடி பட்டனை அமுக்கினால் எதுவுமே நடக்காததுபோல எழுந்து வரும். வீட்டில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "சேவ் பண்ணலையா?" அதற்கு மேல் பேசத் தெம்பிருக்காது.

"ஹீட்டுதான் மாமா" என்றான் மச்சான். சென்னையில் எந்தச் சாமானுக்கும் இந்தக் காரணத்தைத் துணிந்து சொல்லலாம். புராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் மேலே போனால் கரண்டையே வெட்டச் சொல்லிவிடும். முன்பெல்லாம் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஓடுகிற ஏஎம்டி அத்லான் சிப்பின் தலையிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்று 2001-ல் ஒரு வீடியோ வந்தது. புகை வந்தது, அவ்வளவுதான்.

கேபினட்டைத் திறந்து கூலரைக் கழற்றினோம். தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளம் கம்பளமாக உரிந்து வந்தது. அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. ப்ளோயர் அடித்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, கூலரின் நான்கு காலும் 'டக்' என்று பிடித்ததா என்று பார்த்துப் பூட்டினோம். வேலை செய்யும்போதும் 60 டிகிரியைத் தாண்டவில்லை. கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் முன்னைவிடக் குளிர்ச்சியாக அணைந்தது.

அடுத்து ரப்பர் வைத்தியம். நம் ஊரில் எந்தச் சர்வீஸ் பையனும் ஸ்க்ரூடிரைவரை மறந்தாலும் மறப்பான், ரப்பரை மறக்க மாட்டான். ரேமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஃபூ என்று ஊதி மாட்டினால் பாதி வியாதிகள் தீரும் என்பது தொழில் நம்பிக்கை. ரேம் கெட்டால் பீப் அடிக்கும், நீலத் திரை வரும். இப்படிச் சத்தமில்லாமல் சாவது அதன் குணமில்லை. இருந்தாலும் பையன் தேய்த்தான். கொஞ்ச நாள் ஓடியது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கடைக்கே போனேன். அங்கே மத்தியானம் முழுக்க ஓடவிட்டார்கள். அணையவே இல்லை. "எங்க சார் அணையுது?" என்று கடைக்காரர் கேட்டபோது, நான்தான் ஏதோ பொழுது போகாமல் பெட்டியைச் சுமந்துகொண்டு அலைகிறேன் என்பதுபோலப் பக்கத்து ஸ்டூல்காரரும் பார்த்தார். ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினார். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு வளைத்த கம்பியால் இணைத்தார். ஃபேன் சுற்றியது. மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் லைனில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. மீட்டர் 12.1 காட்டியது.

"ஓடுது பாருங்க" என்றார். சந்தோஷப்பட்டேன்.

"ஆனா லோடு எடுக்காது சார்."

இந்த வாக்கியத்துக்கு மறுப்பே கிடையாது. ஓடினாலும் லோடு எடுக்காது. ஓடாவிட்டால் சொல்லவே வேண்டாம். பழையதைக் கையில் தூக்கி எடை பார்த்து, "கேபினட்டோட வந்ததுதானே? 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கும்" என்று அனுதாபமாகச் சிரித்தார். புதியது கனமாகத்தான் இருந்தது, விலையும். கொஞ்ச நாள் ஓடியது.

அதற்குப் பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். கேபினட் ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தார், மினுக்கென்று எரிந்தது. "எர்த்தே இல்ல சார், எப்படி ஓட்டுறீங்க?" எர்த் போட்டுக் கொடுத்தார். இன்வெர்ட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்து, சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இல்லாமல் நார்மல் பக்கம் இருந்ததையும் கண்டுபிடித்தார். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் சாவகாசமாக மாறும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது உறைக்காது, கம்ப்யூட்டர் மூச்சு பிடிக்க முடியாமல் விழுந்துவிடும். உண்மையிலேயே உருப்படியான வேலை செய்தவர் அவர் ஒருவர்தான் என்பேன். இப்போது குளித்துவிட்டு ஈரக் கையோடு கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுப்பதில்லை. என்ன, கரண்ட் இருக்கும்போதேதான் இது அணைந்துகொண்டிருந்தது.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கண்ணு பட்டிருக்குடா" என்றாள். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "நீங்களே பூட்டினதா? பிரமாதமா இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போனதை நாள் கிழமையோடு நினைவு வைத்திருந்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணியும், குழைத்த சந்தனமும், மேலே குங்குமமும். மானிட்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் கேபினட்டுக்கு மட்டும். கேபினட்டின் முகப்பில் நடு உச்சியில், வட்டமாக, பொட்டு வைக்கவே செய்ததுபோல ஓர் இடம் இருந்தது. கோளாறு அதிகமாக அதிகமாக அம்மாவும் அளவைக் கூட்டினாள். அம்மா கூட்டக் கூட்ட அது இன்னும் அடிக்கடி அணைந்தது. கண் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் மச்சான், "ஃபார்மட் போட்டுடலாம் மாமா" என்று கிளம்பினான். நல்லவேளை, கல்லூரியில் ஐடி படிக்கும் அக்கா பெண் அன்றைக்கு வந்திருந்தாள். எதையும் கழற்றவில்லை. விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்தாள். அது கம்ப்யூட்டரின் டைரி. நடந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை. கெர்னல் பவர், ஈவென்ட் 41 என்று சிவப்பாக ஒரே வரி, ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று.

"41-னா எஸ்எம்பிஎஸ்தான்" என்றான் மச்சான்.

"இல்ல சித்தப்பா. முறையா ஷட்டவுன் ஆகாம போயிடுச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். உள்ள பாருங்க." விவரத்தைத் திறந்தாள். பக்செக் கோடு பூஜ்யம். அதாவது விண்டோஸ் தானாக விழவில்லை. கீழே பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி. கரண்ட் போய் அணைந்திருந்தால் அங்கேயும் பூஜ்யம் இருக்கும். இருந்ததோ முழ நீளத்துக்கு ஓர் எண்.

"மாமா, யாரோ பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்காங்க."

வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பையன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஸ்விட்ச் நேராகக் கரண்டையே வெட்டும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு பட்டனுக்கு அந்த அதிகாரம் போய்விட்டது. அது மதர்போர்டுக்கு மனு கொடுக்கும், அவ்வளவுதான். ஒருமுறை அமுக்கினால் மனு. நான்கு நொடி விடாமல் அமுக்கினால் உத்தரவு. உத்தரவு வந்துவிட்டால் மதர்போர்டு விண்டோஸிடம் ஒரு வார்த்தை கேட்காது.

முகப்பைக் கழற்றினாள். பட்டனைச் சுற்றியிருக்கும் மயிரிழை இடுக்கு முழுவதும் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. வெள்ளிக்கு வெள்ளி ஓர் அடுக்கு, நடுவே சிவப்புக் கோடுகள். பட்டன் பாதி உள்ளே போய் அங்கேயே நின்றது. பின்னாலிருக்கும் குட்டி ஸ்விட்ச் தொட்டும் தொடாமலும் இருக்க, ஃபேன் வேகமெடுத்துக் கேபினட் அதிரும்போது தொட்டுவிடும். மறுபடி நான் ஓங்கி அமுக்கியதில் இளகும். எங்கள் ஏரியா சாலையில் ஆட்டோவில் போனால் இன்னும் நன்றாக இளகும். கடையில் அது ஏன் அணையவில்லை என்பது அப்போது புரிந்தது. ஹீட் சிங்க், ரேம், எஸ்எம்பிஎஸ் என்று எதைப் பார்த்தாலும் கொஞ்ச நாள் ஓடியதற்கும் அந்தக் குலுக்கல்தான் காரணம்.

அவள் பவர் பட்டனின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இரண்டு பின்னில் சொருகினாள். இரண்டும் ஒரே ஜாதி ஸ்விட்ச்தான். இனிமேல் ரீசெட்டை அமுக்கினால் கம்ப்யூட்டர் வரும். செலவு ஒரு டம்ளர் காபி.

அம்மாவிடம் ஸ்விட்ச் வீக் என்று மட்டும் சொன்னோம். "பூஜை போட்டது வீண் போகல பாத்தியா, பொண்ணு ரூபத்துல வந்து காரணத்தைக் காட்டிடுச்சு" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டோடு வந்து, "இப்போ எந்த பட்டன்டா?" என்று கேட்டாள்.

"அதே பழைய பட்டன்தாம்மா. தாராளமா வை."