கரையில் ஒரு முக்குளிப்பான்

ஆபீஸ் நண்பர் மறுபடியும் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். இடது மணிக்கட்டில் 39 மில்லிமீட்டர் அட்டை வட்டம், வலதில் 42. யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, அதில் காம்பஸ் வைத்துக் கோடு போட்டுக் கத்தரித்து ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறார்.

"ஒரு சின்ன அபிப்பிராயம் சார். எது எடுப்பா இருக்கு?"

நான் சாம்பார் சாதத்தில் கை வைத்திருக்கிறேன்.

"39."

"42லதான் ஹீலியம் வால்வு இருக்கு."

"அப்ப 42."

"என் கைக்கு அது தாம்பாளத்தைக் கட்டினாப்பல இருக்காது?"

அபிப்பிராயம் கேட்பார், சொன்ன மறு நொடி எதிர்க்கட்சி வக்கீலாகிவிடுவார். வாங்கப்போவது டூடர் பெலகோஸ், டைட்டானியத்தில் செய்த முக்குளிப்போர் கடிகாரம் என்பதெல்லாம் போன தீபாவளிக்கே முடிவாகிவிட்டது. 2012இல் வந்த பெரியதா, 2022இல் வந்த சின்னதா என்பதில்தான் எட்டு மாதமாக வண்டி நகராமல் நிற்கிறது. "டைட்டன்தானே, உஸ்மான் ரோட்டுலயே கிடைக்குமே" என்று அவர் மனைவி சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லையாம்.

பெரியது 500 மீட்டர் ஆழம் தாங்கும், சின்னது 200. பொழுதுபோக்காக ஸ்கூபா போகிறவர்களுக்கே 40 மீட்டர்தான் எல்லை. நம்மவர் ஆழம் எனக்குத் தெரியும். ஆபீஸ் கோஷ்டியோடு ராமேஸ்வரம் போனபோது அக்னி தீர்த்தத்தில் கணுக்கால் நனைய நின்று தலையில் தெளித்துக்கொண்டார். அதற்கே கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாயிற்று. கோயிலுக்குள் 22 தீர்த்தமும் அவர் தலையில் விழுந்து முடிகிற வரை அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். என் பாவம் அப்படியே இருக்கிறது.

ஹீலியம் வால்வு யாருக்கு என்றால், நாள்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கிக் கடலடியில் வேலை பார்ப்பவர்களுக்கு. அவர்கள் சுவாசிக்கும் ஹீலியம் கடிகாரத்துக்குள்ளும் புகுந்துகொள்ளும். பிறகு அறையின் அழுத்தம் குறையும்போது உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் கண்ணாடியையே தெறிக்க வைத்துவிடலாம். பல்லாவரத்திலிருந்து தரமணிக்கு ஸ்கூட்டரில் வருகிறவருக்கு ஹீலியம் எங்கே கிடைக்கும்? பிறந்தநாள் பலூனில்தான். இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே சார், நம்மளையா சோறு கேட்குது?" என்றார்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒற்றை அட்டைதான். பிறகு "தடிமன் தெரியலையே" என்று பன்னிரண்டு மில்லிமீட்டர் வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். முழுக்கைச் சட்டையின் கஃப்புக்குள் நுழைகிறதா என்று மீட்டிங் நடுவில் நுழைத்து நுழைத்து எடுப்பார். "கையில அடியா?" என்று மேனேஜர் விசாரித்தார். எஃகைவிட டைட்டானியம் நாற்பது சதவீதத்துக்கு மேல் லேசு என்பதால், அட்டையைக் கட்டியிருப்பதே ஏறக்குறைய அசலைக் கட்டியிருப்பது போலத்தான் என்பது அவர் கட்சி. ஒருநாள் வாஷ்பேசினில் கை கழுவும்போது 42 நனைந்து கூழாகிவிட்டது. "500 மீட்டர் போயிடுச்சு சார்" என்று நிஜமான துக்கத்தோடு வந்து நின்றார். சாயங்காலமே புதிது தயார். அந்த மாதம் முகூர்த்த மாதம், பத்திரிகைக்கா பஞ்சம்?

எனக்கு இந்த உலோகத்தின் மேல் மயக்கம் வராததற்குக் காரணம் உண்டு. அத்தை வீடு மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரைக் கருமணலில் இருக்கிற இல்மனைட்டுதான் டைட்டானியத்தின் தாது. காலில் ஒட்டிக்கொண்டு வரும் அதை வாசலிலேயே உதறிவிட்டு வரச்சொல்லி அத்தை கத்துவாள்.

ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வராந்தாவில் நிற்கிறேன். போன் வந்தது. "அம்மா எப்படி இருக்காங்க சார்?" நான் பதில் சொல்லி முடிக்கக்கூட இல்லை. "கிரேடு 2 டைட்டானியத்துல சீக்கிரம் கீறல் விழுமாமே?" பேசாமல் வைத்துவிட்டேன். மனுஷனுக்கு ஒரு வேளை, பொழுது வேண்டாமா? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

மறுநாள் ரத்தம் வேண்டும் என்றதும் பல்லாவரத்திலிருந்து முதல் ஆளாக வந்ததும் அவர்தான். இரண்டு கையிலும் அட்டை. "எந்தக் கையில எடுக்கட்டும்?" என்று நர்ஸ் கேட்டார். நம்மவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இடது" என்றேன். உடனே, "வலது கையிலதான் நரம்பு நல்லாத் தெரியும் சார்" என்றார்.

நேற்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முடிவாகச் சொல்லிவிட்டேன். "39. இனிமே கேட்டீங்கன்னா நான் வேற டேபிளுக்குப் போயிடுவேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வலது கை ரப்பர் பேண்டை மெல்லக் கழற்றி 42ஐச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி சார். 39தான்." அப்பாடா என்று என் அப்பளத்தில் பாதியை ஒடித்து அவர் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தேன். அதைத் தொடவில்லை.

"டைட்டானியம் செயினா, ரப்பர் ஸ்டிராப்பா சார்?"

"எது தர்றானோ அது."

"ரெண்டையுமே பெட்டிக்குள்ள வெச்சுத் தர்றான் சார்" என்றார், தொண்டை கம்ம.