சாயக் கொப்பரை அருகே ஒரு சம்பாஷணை

எழுபது ஆண்டுகள் அரசு வீற்றிருந்த தாய்லாந்து மன்னர் பூமிபால், 2016 அக்டோபர் 13 அன்று காலமானதைத் தொடர்ந்து கறுப்புச் சட்டைக்கே பஞ்சம் வந்துவிட்ட பாங்காக் நகரின் சந்தொன்றில், மறு மாதம், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் ஆவி பறக்கும் சாயக் கொப்பரையின் முன் நின்று தம் சட்டைகளை நீட்டுகிறார்.

சாயக்காரி: கறுப்பு இன்னும் எத்தனை நாள் ஓடும், கர்னல் ஐயா? சரக்குப் பிடிக்க வேண்டும்.

கர்னல்: உத்தியோகஸ்தர்களுக்கு ஓராண்டு துக்கம் என்று அறிவித்தாயிற்றே, அம்மணி! மற்ற விஷயங்களிலும் சந்தேகத்துக்கு எள்ளளவும் இடமில்லை. பட்டத்திளவரசர் வஜிரலங்கோர்ன் அரியணை ஏறுமுன் பிரஜைகளோடு துக்கம் அனுஷ்டிக்க அவகாசம் கேட்டிருக்கிறார். அதுவரையில், தொண்ணூற்றாறு பிராயமான ஜெனரல் பிரேம் ராஜப் பிரதிநிதி. பிரதமரோ ஜெனரல் பிரயுத். இதனினும் ஸ்திரமான ஏற்பாடு உண்டோ?

சாயக்காரி: ஸ்திரந்தான். சிம்மாசனத்தில் மட்டும்...

கர்னல்: உஷ்! அரச நிந்தனைக்கான 112ஆம் பிரிவு, ஒரு சொல்லுக்கே மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை.

சாயக்காரி: சரி, தேர்தலைப் பற்றிப் பேசலாமா? 2015 என்றார்கள், பிறகு 2016, இப்போது 2017 என்கிறார்கள்.

கர்னல்: தேதி நகர்ந்ததேயன்றி வாக்குறுதி நகரவில்லையே! ஆகஸ்ட் 7 அன்று ஜனங்களே வாக்களித்து, ராணுவம் நியமிக்கும் 250 பேர் கொண்ட மேல்சபையோடு கூடிய அரசியல் சாசனத்தை அங்கீகரிக்கவில்லையா?

சாயக்காரி: வேண்டாமென்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களைப் பிடித்துப் போய்விட்டார்களே.

கர்னல்: இடைஞ்சலின்றி ஜனங்கள் சுயமாகச் சிந்திக்கும் பொருட்டு! 1932 முதல் 12 தடவை ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி இத்தேசத்தை ரட்சித்திருக்கிறது.

சாயக்காரி: பன்னிரண்டு தடவை கொப்பரையில் முக்கினால் துணியில் நூல் மிஞ்சாது, ஐயா. போகட்டும், அரச விசுவாசிகளான மஞ்சள் சட்டைக்காரர்களும் அவர்களை எதிர்த்த சிவப்புச் சட்டைக்காரர்களும் மாறி மாறித் தெருவை நிறைத்த காலத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் சிவப்பு டப்பா திறக்கப்படவே இல்லை; எதை வாங்கி வைக்கட்டும், சொல்லுங்கள்.

கர்னல்: மஞ்சளை வாங்குங்கள். மறைந்தவரும் திங்கட்கிழமை பிறந்தவர், இளவரசரும் திங்கட்கிழமை. திங்களுக்குரிய நிறம் மஞ்சள்; இருவருக்கும் அதே நிறம்.

சாயக்காரி: அப்படியானால் சிவப்பைச் சாக்கடையில் கொட்டிவிடட்டுமா?

கர்னல் (இருபுறமும் பார்த்து): கொட்டிவிடுங்கள்... ஒரேயடியாகக் கொட்டிவிட வேண்டாம், அம்மணி. மூடியை இறுக்கி, பின்கட்டில் எங்காவது வையுங்கள்.