அல்பாக்காக் கண்காட்சியில் வேடிக்கை பார்ப்பவனின் லட்சணம்

வளர்ப்பவன், விற்பவன், வாங்குபவன், மதிப்பிடுபவன் ஆகிய நால்வரைப் பற்றியும் அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். இந்நால்வரில் எவனாகவும் இல்லாமல், கையில் தேநீர்க் கோப்பையுடன் வேலிக்கு இப்புறம் நின்று, ஒன்றும் விளங்காமலே பலமாகத் தலையசைக்கும் ஐந்தாமவனைப் பற்றி மட்டும் சாஸ்திரங்கள் மௌனம் சாதிக்கின்றன. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடைபெறும் அல்பாக்காக் கண்காட்சிகளை ஆதாரமாகக் கொண்டு, அன்னவனுடைய லட்சணம், அவஸ்தை, மோட்சம் ஆகிய மூன்றையும் இங்கே விசாரிப்போம்.

அல்பாக்கா, ஒட்டகத்தின் குலத்தில் பிறந்தும் திமில் இல்லாத பிராணி; தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ரோமத்துக்காகவே வளர்க்கப்படுவது. உடல் முழுதும் புசுபுசுவென்றிருப்பது வகாயா. சடைசடையாகத் தொங்குவது சூரி. 1836-இல் டைட்டஸ் ஸால்ட் என்ற பிராட்போர்டு நகரத்துக் கம்பளி வியாபாரி, லிவர்பூல் கிடங்கொன்றில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா ரோம மூட்டைகளைக் கண்டு, வாங்கி, நெய்து காட்டியதன் பயனாக அத்துணி கடல் கடந்து, நம் பாட்டனார் காலத்து வக்கீல்களின் கறுப்புக் கோட்டாகவும் வந்து சேர்ந்தது. அன்றையோர் ரோமத்தை அறிந்தார்கள், முகத்தைக் கண்டதில்லை; இன்றைய வேடிக்கைக்காரன் முகத்தைக் காண்கிறான், ரோமத்தை அறியான். இம்முரண்பாடே நம் ஆராய்ச்சிக்கு வித்து.

நடுவருடைய முறையைக் கவனியுங்கள். முதலில் நடையைப் பார்க்கிறார், அடுத்து உதட்டை விலக்கி, மேல்வாயின் முன்புறத்தில் பல்லே இல்லாத அப்பிராணியின் கீழ்ப்பற்கள் மேலீற்றில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதிக்கிறார், முதுகெலும்பைத் தடவுகிறார், பிறகு தோள், விலா, தொடை என்று மூன்றிடங்களில், பெண்ணுக்குத் தாய் வகிடெடுப்பது போன்ற சிரத்தையுடன், இரு கைகளாலும் ரோமத்தைப் பிரிக்கிறார். குளிப்பாட்டிக் கொண்டுவருவது விதிக்கு விரோதமாகையால் மேலே புழுதியும் வைக்கோல் துணுக்குமாக இருக்கும் அக்கம்பளி, பிளந்தவுடன், அடித்தோல்வரை நுண்ணிய நெளிநெளியாகப் பளபளக்கிறது. அந்தப் பளபளப்புக்குத்தான் பரிசு. சில கஜ தூரத்தில் நிற்பவனுக்கோ அது புலப்படுவதில்லை. பெரிய கண்களும் நெற்றியில் விழும் முடிக்கொத்துமே அவனுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம். தன்னைத் திரும்பிப் பார்த்த பிராணிக்கே முதற்பரிசு என்று அவன் அந்தக் கணமே தீர்ப்பளித்துவிடுகிறான்.

அவனுடைய அவஸ்தைகள் மூன்று. காலையில் அஞ்ஞானம், அப்போது அவன் பரமானந்தத்தில் இருக்கிறான். நண்பகலில், நடுவர் ஒலிபெருக்கியில் காரணங்களை விளக்கக் கேட்டு, மைக்ரான், இழையின் நெளிவு முதலிய பதங்களைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்திலிருப்பவருக்கு உபதேசிப்பது அரைஞானம். மாலையில், முன்பின் அறியாதவருடைய ஸ்வெட்டர்க் கையைப் பிரித்துப் பார்ப்பதும், தேநீர் விற்பவரின் பல்வரிசையை உற்று நோக்குவதும் விபரீத ஞானம்.

'ஞானம் எப்படித் துன்பம் தரும்?' என்று ஆட்சேபிப்போர் பரிசு நாடாவை ஆராய்வாராக. இங்கிலாந்தில் முதற்பரிசு சிவப்பு, இரண்டாவது நீலம். அமெரிக்காவில் முதற்பரிசு நீலம், இரண்டாவது சிவப்பு. ஒரு தேசத்தில் கஷ்டப்பட்டு இதைக் கற்றவன் மறு தேசம் போய், தோற்ற வருத்தத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். ஒன்றும் அறியாதவனோ எல்லோரையும் பாராட்டுகிறான், பிழைக்கு இடமேயில்லை.

'அல்பாக்கா துப்புமே' என்பது மற்றோர் ஆட்சேபம். தீனித் தகராறில் அது துப்புவது பெரும்பாலும் தன் இனத்தான்மீதே. இரண்டுக்கும் நடுவே முகத்தை நீட்டியவன் பெறுவதை விபத்தென்று கொள்ளலாமேயன்றி விமரிசனமென்று கொள்ளலாகாது.

ஆகவே சித்தாந்தம் இது. அந்த வளாகத்தில் பல்லைப் பற்றிக் கவலைப்படுபவன் உண்டு, செலவைப் பற்றிக் கவலைப்படுபவன் உண்டு. கவலையற்றவன் ஐந்தாமவன் ஒருவனே. அந்நிலை கெடாதிருக்க மூன்று நியமங்கள்: ஒலிபெருக்கிக்கு எட்டாத இடத்தில் நிற்க, நாடாவின் நிறத்தை நோக்காதொழிக, நண்பகலுக்கு முன் வீடு திரும்புக. இவற்றை வழுவாது அனுஷ்டிப்பவனுக்கு, அவன் மனத்தில் குறித்த அல்பாக்காவே எல்லா வகுப்பிலும் ஜெயிக்கும்.