குந்தியிருக்கும் வேட்டைக்காரர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி அகப்படுவார். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை அங்கே துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் பருவம் ஆரம்பம். மொத்தம் 9 நாள். மீதி 356 நாளும் இவர் தவமிருப்பார். தவம் மானுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மானுக்குத் தெரியாமல் தான் ஒளிந்துகொள்ளும் கூடாரத்துக்காக.

'கிரவுண்ட் பிளைண்ட்' என்பார்கள். தரையில் விரித்து, உள்ளே குந்தி, சன்னல் வழியே குறி பார்க்கிற துணிக்கூடு. ஒரு காலத்தில் இவரும் மரத்தில் பரண் கட்டி ஏறியவர்தான். முழங்கால் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் தரைக்கு இறங்கிவிட்டார்.

கார் நிற்க வேண்டிய கொட்டகையில் மூன்று கூடாரங்கள் நிற்கின்றன. கார் மழையில் நிற்கிறது. முதல் கூடாரம் சுருள்கம்பி வைத்தது. உறையிலிருந்து எடுத்து வீசினால் தானாக விரியும். விரிகிற வேகத்தில் மூக்குக் கண்ணாடி பறக்கும். மடிப்பதற்குக் கம்பியை எட்டு மாதிரி முறுக்கி வட்டமாக்க வேண்டும். கடைப்பையன் கண்மூடித் திறப்பதற்குள் மடித்துக் காட்டினான். வீட்டில் இவர் மடிக்கப் போனார். கூடாரம் இவரை மடித்தது.

இரண்டாவது 'ஹப்' வகை. நாலு சுவரிலும் கூரையிலும் நடுவே ஒரு குமிழ். அதிலுள்ள வாரைப் பிடித்து வெளியே இழுத்தால் கம்பிகள் வளைந்து, சுவர் 'டப்'பென்று விறைத்துக்கொள்ளும். உள்ளே இடமும் உண்டு, காற்றுக்கும் தாங்கும். சுமந்து போகும்போதுதான் அதன் எடை தெரியும். மூன்றாவது, உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரிகிற, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத துணி. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அண்டை வீட்டார் நடமாட்டத்தை ஒரு ஞாயிறு முழுக்கக் கவனித்தார். துணி நல்ல துணி என்று தீர்ப்பானது.

இருந்தும் நாலாவது வாங்கக் கடைக்குப் போவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தொடாமல் சுவரைத் தட்டிப் பார்க்கும் பெரியப்பா மாதிரி, கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். சன்னலில் காதை வைத்துக்கொண்டு திறப்பார். ஜிப் என்றால் 'சர்ர்' என்று காடு முழுக்கக் கேட்கும். கொக்கியில் மாட்டி நழுவவிடும் சன்னல்தான் உத்தமம். "நாலு பேர் தாராளமா உட்காரலாம் சார்" என்பான் பையன். இவர் சிரிப்பார். அட்டையில் நாலு பேர் என்று போட்டிருந்தால் இரண்டு பேர் முழங்கை இடிக்காமல் உட்காரலாம். வில் இழுப்பவர் என்றால் ஒருவர்.

விஷயம் தெரியாதவர் அல்ல. மானின் கண்ணுக்கு நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது என்பார். அதனால் துணிக்கு நீலப் பளபளப்பு ஏற்றும் சோப்பை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். செப்டம்பரில் தொடங்கும் வில் பருவத்தில், கூடாரத்தின் உட்புறம் கறுப்பு என்பதால், கறுப்புச் சட்டையோடு உட்காருவார். துப்பாக்கிப் பருவத்தில் அரசு நிலத்தில் கூடாரம் போட்டால் நாலு பக்கமும் தெரிகிறபடி 144 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு கட்ட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஆரஞ்சு பிடிக்காவிட்டால் பளீர் ரோஸ் கட்டலாம். இலை, சருகு, பட்டை என்று அச்சடித்த துணியைக் காசு கொட்டி வாங்கிவிட்டு, அதன்மேல் ஆரஞ்சைக் கட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கும். மானுக்குத் தெரியாது, இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியும். சட்டத்துக்கு வேண்டியதும் அதுதானே!

வான்கோழி வேட்டைக்கு இவ்வளவு பாடில்லை. அதற்குக் கண் கூர்மை, மோப்பம் சுமார். விடியற்காலை முளைத்த கூடாரத்தை அது சட்டை செய்யாது. மான் அப்படியல்ல. நேற்று இல்லாத மேடு இன்று இருந்தால் அதற்குச் சந்தேகம் வரும். அதனால், அரசு நிலமாக இல்லாவிட்டால், சில வாரம் முன்னாலேயே கொண்டுபோய் வைத்து, சுற்றிலும் கிளை செருகி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வந்துவிடுவார்.

இத்தனையும் பார்த்தவர் பார்க்காத ஒன்று உண்டு: உட்கார எதை எடுத்துப்போவது. கூடாரத்துக்கே பணம் தீர்ந்ததால், தூண்டில் போடப் போகும்போது எடுத்துப்போன முக்காலி போதும் என்று விட்டுவிட்டார்.

முதல் நாள். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதே சட்டப்படி சுடலாம்; இவர் அதற்கும் முன்னாலேயே உள்ளே. ஈரமண்ணில் முக்காலியின் மெல்லிய கால்கள் மெதுவாக இறங்கின. கால்கள் இறங்க இறங்கச் சன்னல் உயர்ந்தது. விடிந்தபோது இவர் கண்ணுக்கு நேரே வெறும் துணி. கழுத்தை நீட்டினால் வானம். இடுப்பு முதலில் முனகியது, பிறகு மரத்தது. அந்த நேரம் பார்த்து இடப்பக்கம் சருகு சலசலத்தது. கொம்புள்ள கிடா. இவர் மெள்ளத் திரும்பினார். முக்காலி 'கிரீச்' என்றது. வெள்ளை வால் உயர்ந்தது, அவ்வளவுதான்.

"மான் உன்னைப் பார்த்துவிட்டதா?" என்றார் மனைவி.

"பார்க்கவே இல்லை. கேட்டுவிட்டது."

"அப்படியென்றால்?"

"கூடாரம் சரியில்லை."

ஐந்தாவது வாங்கப் போய்விட்டார். கடையில் கூடாரங்களுக்குப் பக்கத்திலேயே நாற்காலிகள் இருந்தன. மண்ணில் இறங்காத அகலப் பாதம், முதுகுக்குச் சாய்மானம், சன்னலுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் கால், சத்தமில்லாமல் முழு வட்டம் சுழலும் இருக்கை, எல்லாம் இருந்தன. இவர் அதிலொன்றில் வசதியாக உட்கார்ந்துகொண்டு கூடாரங்களைப் பார்த்தார்.

இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: முதலில் நாற்காலியை வாங்குங்கள். வீட்டிலேயே அதில் இரண்டு மணி நேரம் அசையாமல், பேசாமல், ஃபோனைத் தொடாமல் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் கூடாரம் வாங்கலாம். முடியாவிட்டால் கூடாரச் செலவு மிச்சம், மானுக்கும் நிம்மதி.