உம்மாவின் கை வீக்கம்

கேள்வி: உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடம். இப்போது அந்தப் பக்கக் கை வீங்குகிறது. எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிடச் சொல்கிறார் மாமி. செய்யலாமா?
- ஒரு மகள், கல்முனைக்குடி

பதில்: வேண்டாம் மகள், மாமியின் கைப்பக்குவம் வட்டிலப்பத்தோடு நிற்கட்டும்! சம்மாந்துறை வயலில் வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் வயலிலேயே தேங்கும். அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த கையிலும் அதே கதைதான். அழுத்தி உருவினால் வடியாது. பயிற்சி பெற்றவர் தோலை மெல்ல வருடி, பல அடுக்காகத் துணி சுற்றி, கைப்பயிற்சியும் சொல்லித் தருவார்.

இந்தச் சிகிச்சையை எப்போது தொடங்குவது? அபாயாக் கை இறுகும்போதே, மோதிரம் கழல மறுக்கும்போதே. நாள் போனால் தோல் தடித்துவிடும், பிறகு பாடு அதிகம். ஆனால் முதலில் ஒப்பரேஷன் செய்த வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தக்கட்டி இருக்கலாம். சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்று. இரண்டுக்கும் மருந்துதான் முதலில்.

யானைக்கால் நோய் என்று அயலார் பயமுறுத்துவார்கள். உம்மாவின் வீக்கம் அதுவல்ல, தொற்றவும் தொற்றாது. இலங்கையில் யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்பதை 2016இல் உலக சுகாதார அமைப்பே உறுதிசெய்துவிட்டது.

கையில் கிருமி தொற்றாமலிருக்க, வுழூ செய்தபின் விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.